ஐந்து கட்டங்களும் ஒரு பட்டியலும்

ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளைக் கொண்டு ஐந்து கட்டங்களை மனம்போன போக்கில் நிரப்பினால் 1,18,81,376 கோவைகள் கிடைக்கும். அவற்றுள் வேர்டில் என்னும் சொற்புதிர் தொடக்கத்தில் சொல்லென்று ஏற்றுக்கொண்டவை ஏறத்தாழ 13,000 மட்டுமே என்பதால், 900 கோவைகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் பொருளுள்ள சொல் தேறுகிறது. இத்தனை எழுத்துகள் இருக்க வேண்டும், அவற்றுள் இன்னின்ன எழுத்துகள் வர வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிடும் புதிர்கள் கணக்குப் பாடம்போலத் தோன்றுவதற்கு இத்தகைய எண்களே காரணம். ஆனால் கணக்கு பாதி வழிவரைதான் துணைக்கு வரும். ‘இது எல்லோருக்கும் தெரிந்த சொல்’ என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவுதான் மீதி வழியைத் தீர்மானிக்கிறது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழ்ந்த மென்பொருள் பொறியாளர் ஜோஷ் வார்டில், சொல்விளையாட்டுகளில் நாட்டமுள்ள தம் துணைவி பலக் ஷாவுக்காக ஆக்கிய இப்புதிருக்குத் தம் குடும்பப் பெயரையே சற்றுத் திருகிப் பெயராகச் சூட்டினார். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியானால் கட்டம் பச்சையாகும், எழுத்து இருந்து இடம் மட்டும் தவறினால் மஞ்சளாகும், எழுத்தே இல்லையென்றால் சாம்பல் நிறமாகும். 2021 நவம்பர் 1 அன்று 90 பேர் ஆடிய இவ்விளையாட்டை இரண்டு மாதங்கள் கழித்து ஒரே நாளில் 3 இலட்சம் பேருக்கு மேல் ஆடினர். 2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. இந்த வளர்ச்சியை வியந்தவர்கள் அதிகம் கவனிக்காத வேலை ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. விடையாக வரத்தக்க சொற்களைப் பிரித்தெடுப்பதற்காகப் பலக் ஷா அந்தப் பல்லாயிரம் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரியும், தெரியாது, தெரிந்திருக்கக்கூடும் என்று வகைப்படுத்தினார். இறுதியில் நின்றவை ஏறத்தாழ 2,300. உலகம் முழுவதும் காலைத் தேநீரோடு மல்லுக்கட்டிய புதிர், உண்மையில் ஒருவருடைய சொல்லறிவின் எல்லைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கு துணைவரும் பாதியையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எழுத்து நிகழ்வெண், அதாவது ஓர் எழுத்து எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கை, சொல்விளையாட்டுக்கு அடிப்படையானது நெடுநாளைக்கு முன்பே. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துப் பின்னாளில் ஸ்கிராபிள் எனப் பெயர்பெற்ற ஆட்டத்தை வடிவமைத்தார். அதன் 100 வில்லைகளில் ‘இ’ எழுத்துக்கு 12 கொடுத்தவர், எங்கும் நிறைந்திருக்கும் ‘எஸ்’ எழுத்துக்கு நான்கோடு நிறுத்திக்கொண்டார்; எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் என்பதால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடக் கூடாதே என்ற முன்யோசனை அது. மொழிமுதலில் எது வரும், இறுதியில் எது வரும் என்று தமிழிலக்கணம் வகுத்துவைத்திருப்பதுபோல ஆங்கிலத்தில் திட்டமான விதி இல்லாவிட்டாலும், வேர்டிலின் விடைகளில் ‘எஸ்’ முதலெழுத்தாகவும் ‘இ’, ‘ஒய்’ ஆகியவை கடையெழுத்தாகவும் வருவது மிகுதி. உயிரெழுத்து நான்கைக் கொண்டது என்பதற்காக ‘அடியூ’ என்ற சொல்லில் ஆட்டத்தைத் தொடங்குவோர் பலர். ஏறக்குறைய எல்லாச் சொற்களிலும் உயிரெழுத்து இருக்கத்தான் போகிறது, ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்கள்தாம் என்பதால், அது அவ்வளவு நல்ல தொடக்கமன்று. ‘நிம்ஃப்’, ‘கிரிப்ட்’ போன்றவற்றில் வழக்கமான ஐந்து உயிர்களில் ஒன்றுகூட இல்லாமல் ‘ஒய்’ எழுத்தே அந்த வேலையைப் பார்த்துவிடுவதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரிய எழுத்துகள் ஆடுவோரைத் திணறடிக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவை உதவவே செய்கின்றன, ‘க்யூ’ அகப்பட்டால் அதை அடுத்து ‘யூ’ வருவது ஏறத்தாழ உறுதி. ஆளை விழுத்தாட்டுபவை நாள்தோறும் புழங்கும் எளிய சொற்கள். ஐ, ஜி, எச், டி என்று கடைசி நான்கு கட்டங்களும் இரண்டாம் முயற்சியிலேயே பச்சையாகிவிட்டதாகக் கொள்ளலாம். வென்றாயிற்று என்று ஆடுபவர் நிமிர்ந்து உட்காரும் அந்தக் கணத்தில், லைட், நைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எய்ட் என எட்டுச் சொற்கள் வாசலில் வரிசைகட்டி நிற்கின்றன. (எய்ட் மட்டும் ஒலியால் இக்குடும்பத்தில் சேராது; ஆனால் புதிருக்குக் காது கிடையாது, கண் மட்டுமே உண்டு.) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவருக்கு எஞ்சியுள்ள நான்கு முயற்சிகளும் பாதிச் சொற்களுக்கே போதும். விவரமறிந்தவர் விடையாக வர வாய்ப்பே இல்லாத ‘ஃபிலிம்ஸ்’ என்ற சொல்லை இடுவார். எஃப், எல், எம், எஸ் ஆகிய நான்கு எழுத்துகளும் ஒரே வீச்சில் சோதிக்கப்பட்டுவிடும். நான்கும் சாம்பலானால் அடுத்து ‘இன்னர்’. அதிலுள்ள ‘என்’ ஒளிர்ந்தால் நைட், ‘இ’ ஒளிர்ந்தால் எய்ட், ‘ஆர்’ ஒளிர்ந்தால் ரைட், மூன்றும் ஒளிராவிட்டால் டைட் என்று ஐந்தாம் முயற்சியில் விடை கைக்கு வந்துவிடும். கிடைத்த குறிப்புகளை ஒவ்வொரு முயற்சியிலும் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று விதிக்கும் கடின முறையில் இந்த வழி அடைபட்டிருப்பதால், அதில் ஆடுவோர் இத்தகைய குடும்பங்களைத் தொடக்கத்திலேயே தவிர்க்கப் பார்ப்பார்கள்.

இவ்வளவு கணக்கும் பட்டியலின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. அமெரிக்க எழுத்துக்கூட்டலில் ஐந்தெழுத்தாகவும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் ‘யூ’ சேர்ந்து ஆறெழுத்தாகவும் அமையும் ‘ஃபேவர்’ 2022 ஜனவரியில் விடையாக வந்தபோது, பிரித்தானிய ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாகவே கருதினர்; அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, ஏனெனில் அவர்களுடைய மொழியில் அது ஐந்து கட்டத்துக்குள் அடங்கும் சொல்லே அன்று. அதே ஆண்டு நவம்பரில் புதிருக்கெனத் தனி ஆசிரியரை அமர்த்திய நாளிதழ், ‘எஸ்’ அல்லது ‘இ-எஸ்’ சேர்த்து ஆக்கும் பன்மைச் சொற்களை விடையாக வைப்பதில்லை என்பதையும் அறிவித்தது. மேற்சொன்ன ‘ஃபிலிம்ஸ்’ முயற்சிக்கு மட்டும் பயன்பட்டு விடையாகாமல் போவது இதனால்தான். பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஓட்டம் பெறுவதைக் குறிக்கும் ‘ஹோமர்’ என்ற சொல் 2022 மே 5 அன்று விடையாக அமைந்தபோது, அமெரிக்காவுக்கு வெளியே அதைக் கேள்விப்பட்டிராதவர்கள் அகராதியைத் தேடி ஓடினர். அந்த ஒரே நாளில் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் அச்சொல் 65,000 முறைக்கு மேல் தேடப்பட்டது. 2022ஆம் ஆண்டின் சொல்லாக அந்த அகராதி தேர்ந்தெடுத்ததும் அதையே.