திருச்சி டூ யாழ்ப்பாணம்: 22 நிமிட தூரத்துக்கு ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 185 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். சென்னையோ 290 கி.மீ-க்கு மேல். ஆக, திருச்சிக்காரர்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம்தான் பக்கம்! நடுவில் கடலும் எல்லையும் இருப்பதால் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை.

இந்த வழித்தடத்தில் 2025 மார்ச் 30-ம் தேதி இண்டிகோ சேவையைத் தொடங்கியது. அட்டவணைப்படி பயண நேரம் ஒரு மணி நேரம். அங்கேதான் சந்தேகம் வரும். ஏடிஆர் 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ வேகத்தில் பறக்கக்கூடியது. கணக்குப் போட்டால் 22 நிமிடம்தானே வருது, மீதி 38 நிமிடம் எங்கே போச்சு?

டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான 'பிளாக் டைம்'. ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். இவ்வளவு குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரமே கொஞ்சம்தான். தாமதத்தைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்துப் போடுவதும் வழக்கம். நேர வித்தியாசக் குழப்பம் இல்லை. 2006 முதல் இலங்கைக் கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒன்றுதான்.

உண்மையில் அந்த 38 நிமிடம் பெரிய விஷயமே இல்லை. வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும். இறங்கியதும் குடியேற்றம், சுங்கம், பிறகு யாழ் நகருக்குச் சாலைப் பயணம். வீட்டு வாசல் டூ வீட்டு வாசல் ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும்.

அப்படியும் இது லாபம்தான். கொழும்பு வழியாகப் போனால் 400 கி.மீ-க்கு மேல் தெற்கே பறந்து, மறுபடி ஏறக்குறைய 400 கி.மீ வடக்கே சாலையில் வர வேண்டும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. ஆனால் கடல் அனுமதித்தால்தான் அது ஓடும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, விமானம் எத்தனை நிமிடம் பறக்கிறது என்பதல்ல, தொடர்ந்து பறக்குமா என்பதுதான். 2019 நவம்பரில் தொடங்கிய சென்னை - யாழ்ப்பாணம் சேவை, கொரோனா காலத்தில் நின்றது. 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. விமான நிலையங்கள் திறந்த பிறகும், சாவு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியவர்கள் கொழும்பைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

பலாலி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,400 மீட்டர். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட்கள் பயணிகள் சேவை நடத்த இது போதாது. ஏடிஆர் போன்ற சிறிய விமானம் வைத்திருக்கும் நிறுவனங்களோ குறைவு. ஒன்று விலகினால் சட்டென்று மாற்று கிடைக்காது.

அப்போ ஓடுபாதையை நீட்டிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பலாலியைச் சுற்றியுள்ள நிலம் போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. சொந்தக் காணி திரும்பக் கிடைக்கக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி முடிக்காமல் ஒரு மீட்டர்கூட நீட்டக் கூடாது. அதுவரை ஏடிஆரே போதும். இருக்கும் சேவை நிற்காமலிருக்க, இந்தக் குட்டிப் பயணத்துக்கான விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் இரு அரசுகளும் குறைக்கலாம்.