முப்பது இருக்கைகளும் ஓர் உரிமமும்: சிறிய விமான நிறுவனம் கேட்பது நியாயமா?

சனிக்கிழமைகளில் இடைநிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலருக்கு விவாதப் பயிற்சி அளித்து வருகிறேன். அண்மையில் அவர்களிடம் ஒரு தலைப்பைக் கொடுத்தேன். "வாடகை விமானம் நடத்தும் ஒரு சிறிய நிறுவனம், சிற்றூர்களுக்கு அன்றாடப் பயணிகள் சேவை நடத்த அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?"

யோசிக்க ஐந்து நிமிடம் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாரும் "கூடாது" என்ற பக்கம் போய் நின்றார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான்: "பாதுகாப்பு முக்கியம் சார்."

மிரியில் வளர்ந்த ஒரு மாணவி மட்டும் நகரவில்லை. "பாரியோவுக்கு விமானம் இல்லையென்றால், நான்கு சக்கர வண்டியில் மலைப்பாதையில் நாள் முழுக்கப் போக வேண்டும். அந்தப் பாதை எவ்வளவு பாதுகாப்பானது என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். வகுப்பு அமைதியானது. எனக்கும் உடனே பதில் வரவில்லை.

நான் கொடுத்த தலைப்பு கற்பனையல்ல. 2022 முதல் அமெரிக்க விமானத் துறையில் நடந்துவரும் வழக்காடல் அது. அங்கே நடப்பது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு செய்தியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

விமானி இல்லாமல் நின்ற சேவை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தளமாகக் கொண்டது ஸ்கைவெஸ்ட் நிறுவனம். யுனைடெட், டெல்டா போன்ற பெரிய நிறுவனங்களுக்காகச் சிறிய விமானங்களை இயக்குவது அதன் தொழில். கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு அங்கே விமானிகளுக்குக் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. 2022 மார்ச் மாதம், 29 சிற்றூர்களுக்கான சேவையிலிருந்து விலகப் போவதாக ஸ்கைவெஸ்ட் அறிவித்தது. கான்சாஸின் சலைனா, ஹேஸ், நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் ஆகியவை அவற்றில் சில.

இந்த ஊர்களுக்குப் பறப்பதில் இலாபம் குறைவு. 1978இல் அமெரிக்கா விமானத் துறையைச் சந்தைப் போட்டிக்குத் திறந்துவிட்டபோது, சிற்றூர்கள் கைவிடப்படும் என்ற அச்சம் எழுந்தது. அதனால் 'அத்தியாவசிய விமானச் சேவை' என்ற திட்டத்தின் கீழ் மத்திய அரசு மானியம் கொடுத்து அந்தச் சேவைகளைத் தாங்கி வருகிறது. மாற்று நிறுவனம் கிடைக்கும்வரை விலகக் கூடாது என்று போக்குவரத்துத் துறை ஸ்கைவெஸ்ட்டுக்கு உத்தரவிட்டது.

அப்போது ஸ்கைவெஸ்ட் வேறொரு வழியை முன்வைத்தது. 'ஸ்கைவெஸ்ட் சார்ட்டர்' என்ற தனித் துணை நிறுவனத்தைத் தொடங்கி, 50 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே200 ஜெட் விமானத்தில் 30 இருக்கைகளை மட்டும் வைத்துப் பறக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தது.

ஏன் சரியாக 30? விவகாரத்தின் மையமே அந்த எண்தான்.

ஒரே வானம், இரண்டு விதிகள்

நாம் வழக்கமாகப் பயணச்சீட்டு வாங்கிப் போகும் பெரிய விமானச் சேவைகளுக்கு அமெரிக்காவில் மிகக் கடுமையான விதிகள் உண்டு. விமானி, துணை விமானி இருவருக்குமே உயர்நிலை உரிமம் வேண்டும். அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவை. பட்டப்படிப்போ இராணுவப் பயிற்சியோ இருந்தால் ஓரளவு குறையும். 65 வயதில் அவர்கள் ஓய்வு பெற வேண்டும்.

வாடகை விமானங்களுக்கு விதி இதைவிடத் தளர்வானது. அங்கே துணை விமானி 250 மணி நேர அளவில் கிடைக்கும் வணிக உரிமத்தோடு பறக்கலாம். 65 வயது வரம்பும் இல்லை. ஒரு முதலாளியோ ஒரு விளையாட்டுக் குழுவோ முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்துப் போவதை மனத்தில் வைத்து எழுதிய விதி அது.

இரண்டுக்கும் நடுவில் 'பொது வாடகைப் பயணம்' என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் விமானத்தை முழுமையாக வாடகைக்கு எடுத்து, இருக்கைகளைத் தனித்தனியாகப் பொதுமக்களிடம் விற்கலாம். விமானத்தில் 30 இருக்கைகளுக்கு மேல் இல்லையென்றால், நேர அட்டவணை வெளியிட்டு விற்றாலும், பாதுகாப்பு விதிகளின் பார்வையில் அது வாடகைப் பயணமாகவே கருதப்படும். டல்லாஸைத் தளமாகக் கொண்ட ஜேஎஸ்எக்ஸ் என்ற நிறுவனம் 2016 முதல் இந்த முறையில்தான் வளர்ந்தது. தனி முனையம், 30 இருக்கை ஜெட், நீண்ட வரிசை இல்லை.

பயணியின் இடத்திலிருந்து பாருங்கள். நேரம் தெரிகிறது, விலை தெரிகிறது, ஓர் இருக்கையை வாங்குகிறார். அவருக்கு அது சாதாரண விமானச் சேவைதான். சட்டத்தில் மட்டும் அதற்கு வேறு பெயர்.

எதிர்ப்பவர்கள் யார், ஏன்?

ஸ்கைவெஸ்ட் சார்ட்டர் விண்ணப்பத்தை விமானிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பாதுகாப்பு விதியிலிருந்து நழுவிச் செல்லும் வழி இது என்பது சங்கத்தின் வாதம்.

அந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். விமானம் உயரே நிற்கும் வேகத்தை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது விமானி தவறாகச் செயல்பட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உறவுகளை இழந்த குடும்பங்கள் விடாமல் போராடின. 2010இல் புதிய சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் 1,500 மணி நேர விதி நடப்புக்கு வந்தது. இப்போது அதைத் தளர்த்தும் வழி என்று எது வந்தாலும் அந்தக் குடும்பங்களுக்கு வலிப்பது இயல்பு.

அதே வேளையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானிகள் குறைவாக இருக்கும்போது அவர்களின் சம்பளம் உயரும். குறைந்த அனுபவத்தோடு பலர் வேலைக்கு வந்தால் அந்தப் பேரம் பேசும் வலு குறையும். ஜேஎஸ்எக்ஸ் முறைக்கு எதிராகக் குரல் கொடுத்த அமெரிக்கன், சவுத்வெஸ்ட் நிறுவனங்களும் அதன் போட்டியாளர்கள்தாம். தன்னலம் இருப்பதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் அது இருப்பதைத் தெரிந்துகொண்டுதான் வாதத்தை எடைபோட வேண்டும்.

விண்ணப்பித்தவர் பக்கமும் வெறும் சாக்கு அல்ல. அமெரிக்காவின் பல சிற்றூர்களுக்கு இன்று ஒன்பது இருக்கை விமானங்கள் பறக்கின்றன. அவற்றில் சில ஒற்றை இயந்திரம் கொண்டவை. அவையும் அதே தளர்வான விதித் தொகுதியின் கீழ்தான் வருகின்றன. "ஒற்றை இயந்திர விமானத்துக்கு அனுமதி உண்டு, இரட்டை இயந்திர ஜெட்டுக்கு இல்லையா?" என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல.

மணிக்கணக்கு மட்டும் போதுமா?

1,500 என்ற எண்ணிலும் ஒரு சிக்கல் உள்ளது. கோல்கன் விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். விமானிக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல், துணை விமானிக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. அந்த விபத்து எழுப்பிய கேள்விகள் பயிற்சியின் தரம், களைப்பு, விமானி அறையின் ஒழுங்கு பற்றியவை.

நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் இந்த 1,500 மணி நேர விதி இல்லை. சுமார் 200 மணி நேரப் பறத்தலோடு உரிமம் பெற்றவர், குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியை முடித்து, பெரிய நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரலாம். ஆனால் அங்கே பயிற்சித் திட்டமும் மேற்பார்வையும் கட்டுக்கோப்பானவை. மணி நேரத்தைக் குறைத்தால் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். எஸ்.பி.எம். தேர்வுக்கு எத்தனை மணி நேரம் படித்தாய் என்பதைவிட எப்படிப் படித்தாய் என்பது முக்கியம் என்று உங்களிடம் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

இரண்டு பூட்டுகள்

ஒரு விமான நிறுவனம் பறக்க இரண்டு பூட்டுகள் திறக்க வேண்டும். ஒன்று பாதுகாப்புச் சான்றிதழ். மற்றொன்று பொருளாதார உரிமம்: நிர்வாகத் திறன் இருக்கிறதா, கையில் போதிய பணம் இருக்கிறதா, சட்டத்தை மதித்து நடக்கும் போக்கு உள்ளதா என்ற சோதனை. அமெரிக்காவில் முதலாவதை விமானப் போக்குவரத்து நிர்வாகமும் இரண்டாவதைப் போக்குவரத்துத் துறையும் பார்க்கின்றன.

மலேசியாவிலும் இப்படித்தான். அட்டவணைச் சேவைக்கு ஓர் உரிமம், வாடகைச் சேவை போன்றவற்றுக்கு வேறொரு பெர்மிட். 2016 முதல் மாவ்காம் ஆணையம் அவற்றை வழங்கியது. பாதுகாப்புச் சான்றிதழைச் சிஏஏஎம் வழங்கியது. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் மாவ்காமின் பணிகளும் சிஏஏஎம்மின் கைக்கு வந்துவிட்டன.

இரண்டாவது பூட்டு வெறும் தாள் வேலை என்று நினைப்பவர்களுக்கு நம் அனுபவமே பதில். 2015 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய ராயானி ஏர் 2016 ஜூனில் உரிமத்தை இழந்தது. 2022 டிசம்பரில் தொடங்கிய மைஏர்லைன் 2023 அக்டோபர் 12ஆம் தேதி திடீரென்று சேவையை நிறுத்தியது. அன்று காலை பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போனவர்களிடம் கேளுங்கள், நிதி நிலையைச் சோதிப்பது ஏன் முக்கியம் என்று.

என் நிலைப்பாடு

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விண்ணப்பத்தோடு நிற்காமல் விதியையே மறுபரிசீலனை செய்ய முன்வந்தது. 2023 ஆகஸ்டில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2024 ஜூனில், பொது வாடகைப் பயணங்களுக்கான விதிகளைத் திருத்தும் பரிந்துரையைக் கொண்டுவரப் போவதாகவும், 10 முதல் 30 இருக்கை விமானங்களுக்கு ஏற்ற புதிய பாதுகாப்பு வகை ஒன்றை ஆராயப் போவதாகவும் அறிவித்தது. அதுதான் சரியான பாதை என்று நினைக்கிறேன். விதியில் ஓட்டை இருந்தால் அதில் புகுந்தவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஓட்டையை அடைப்பதா, முறையான கதவாக மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால், பயணி எதை வாங்குகிறார் என்பதை வைத்தே விதி அமைய வேண்டும். அட்டவணை பார்த்துத் தனி இருக்கை வாங்கும் எவருக்கும், விமானத்தில் 30 இருக்கையோ 180 இருக்கையோ, விமானி அறையில் இருப்பவர்களின் தகுதி குறித்து ஒரே உறுதி கிடைக்க வேண்டும். அதனால் செலவு கூடி சிற்றூர்ச் சேவை நிற்கும் என்றால், அந்தச் செலவை அரசு மானியமாக ஏற்கட்டும். சரவாக், சபா உட்புறங்களுக்கான கிராமப்புற விமானச் சேவையை நம் அரசாங்கம் அப்படித்தான் பல்லாண்டுகளாகத் தாங்கி வந்திருக்கிறது. சிற்றூரில் பிறந்தவர் என்பதற்காக ஒருவர் குறைந்த பாதுகாப்பையோ, விமானமே இல்லாத நிலையையோ ஏற்க வேண்டியதில்லை.

இந்த முடிவை என் மாணவர்கள் எல்லாரும் ஏற்கவில்லை. மானியத்துக்கு முடிவே இருக்காது என்றார் ஒருவர். நல்ல கேள்விதான்.

அடுத்த முறை "அனுமதி கேட்கிறது", "எதிர்ப்பு கிளம்பியது" என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது மூன்றைக் கேட்டுப் பாருங்கள். இதனால் யாருக்கு ஆதாயம்? தவறு நடந்தால் யார் தலையில் விழும்? அனுமதி மறுத்தால், அந்த மக்கள் நாளை காலை எப்படிப் பயணம் செய்வார்கள்?

மூன்றாவது கேள்வியை அன்று எங்கள் வகுப்பில் ஒருவர் மட்டுமே கேட்டார். அதன் பிறகு வகுப்பைத் திரும்பவும் இரு பக்கமாகப் பிரியச் சொன்னேன். இந்த முறை நகர்வதற்கு எல்லாருமே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள்.