இன்னொரு சாவி யாரிடம்?

என் இடது கெண்டைக்காலில் இரண்டு தழும்புகள் உண்டு. மேலே இருப்பது 1989, கீழே இருப்பது 1997. தபால்காரனாக 33 வருடம் சைக்கிள் மிதித்தவனுக்கு இது குறைவுதான். முதல் கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அந்த மருந்தை ஆட்டு மூளையிலிருந்து எடுக்கிறார்கள் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார்; ரொம்ப நாள் தலைக்கறி பக்கமே போகவில்லை.

அப்படிப்பட்டவன் இன்று பள்ளிக்கரணை பக்கம் ஓர் அடுக்ககத்தில், எதிர் ஃப்ளாட் நாய்க்கு மதியம் ஒன்றரை மணிக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை பார்க்கிறேன். மாதம் 2,500 ரூபாய் சம்பளம். முதலில் வேண்டாம் என்றேன். யோசித்துப் பார்த்து வாங்கிக்கொண்டேன். சும்மா செய்கிற உதவி மழை பெய்தால் விட்டுப்போகும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு திங்களும் மிஞ்சியிருந்து, தின்று தூக்கம் வந்தால் விட்டுப்போகும். காசு வாங்கினால் போயே ஆக வேண்டும்.

நாயின் பெயர் மார்லி. லேப்ரடார், 5 வயது, 34 கிலோ. வாட்ச்மேனுக்கும் எனக்கும் அது மாரி. 2020 ஊரடங்கின்போது குட்டியாக வந்தது. கணவன், மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அப்போது வீட்டிலிருந்தேதான் பார்த்தார்கள். ஒருத்தர் காலடியில் தூங்கும், எழுந்து இன்னொருத்தர் காலடிக்குப் போய்த் தூங்கும். இரண்டு வருடம் அது தனிமை என்பதையே பார்த்ததில்லை. பிறகு ஆபீஸ் கூப்பிட்டது. அவனுக்குச் சிறுசேரி, அவளுக்குத் தரமணி. காலை எட்டேகாலுக்குப் பூட்டிய கதவு, ராஜீவ் காந்தி சாலை விட்ட வழியில் வந்துசேர்ந்து இரவு எட்டுக்கோ எட்டரைக்கோதான் திறக்கும்.

பன்னிரண்டு மணி நேரம். வளர்ந்த நாய் ஆறு மணி நேரம் சிறுநீரை அடக்கும், மிஞ்சிப்போனால் எட்டு என்கிறார் எங்கள் கால்நடை டாக்டர். குட்டி என்றால் அதற்கு எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான். மூன்று மாதக் குட்டியை வாங்கி வைத்துவிட்டு ஒன்பது மணி நேர வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம் வந்து அதையே அடிக்கவும் செய்கிறார்கள்.

மாரி ஊளையிட ஆரம்பித்தது. வாட்ஸ்அப் குரூப்பில் புகார் மேல் புகார். நாயே கூடாது என்று தீர்மானம் போடலாம் என்றார் ஒருவர். அப்படிப் போட முடியாது, விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டல் கொடுத்திருக்கிறது என்று இன்னொருவர் படம் பிடித்துப் போட்டார். நான் இரண்டு பக்கமும் கட்டைவிரல் காட்டாமல் இருந்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். அப்புறம் ஒரு ராத்திரி அந்தப் பெண் சாவியோடு வந்து நின்றாள். "அங்கிள், நாளைக்கு ஒரே ஒரு நாள்..." என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை.

மறுநாள் கதவைத் திறந்தேன். நான் பயந்த மாதிரி நாய் பாயவில்லை. பின்னால் நகர்ந்து நின்றது. கதவின் உள்பக்கம், கீழே ஒரு முழ உயரத்துக்கு, வெனீர் உரிந்து பிளைவுட் நாராய்த் தொங்கியது. ஒரு முன்னங்கால் நகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. மிதியடி மேல் அவளுடைய துப்பட்டா ஒன்று, எச்சிலில் ஊறி, சுருட்டி வைத்த மாதிரி கிடந்தது. தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. லேப்ரடார் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த இனத்தை வளர்த்தவர்களைக் கேளுங்கள். கீழே கொண்டுபோனேன். வேப்பமரத்தடியில் காலைத் தூக்கியது. சும்மா எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியும் நிற்கவில்லை.

ஹாலில் ஒரு கேமரா உண்டு, பேசவும் செய்யும். நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அதிலிருந்து அவள் குரல் வந்தது: "மார்லி, குட் பாய்!" நாய் துள்ளி எழுந்து படுக்கையறைக்கு ஓடியது, பாத்ரூம் கதவை முகர்ந்தது, பால்கனிக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தது. திரும்பி வந்து கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து முனக ஆரம்பித்தது. "அம்மா, இனிமே இதுல பேசாதீங்க" என்று போனில் சொன்னேன். அந்தக் கேமராவால் நிம்மதி கிடைப்பது ஆபீசில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். வேலைக்குப் போகிறவர்கள் நாய் வளர்க்கவே கூடாது என்று சொல்லுகிற கட்சி அல்ல நான். ஆனால் பெல்ட், தட்டு, பாக்கெட் தீனி, மெத்தை எல்லாவற்றையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுங்கள். அதை யாரிடம் கொடுப்பீர்கள்? அந்த ஆள் கிடைத்த பிறகு நாயைத் தேடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நாய் வேண்டாம்.

இந்தச் சாவிப் பிரச்சினை வளர்ந்ததை வாசலில் நின்று பார்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த 1985ல் பகலில் பூட்டிய வீடு அபூர்வம். திண்ணையில் ஒரு பாட்டி, படிக்குக் கீழே ஒரு நாய். பாட்டி "ச்சீ, போ" என்பாள், அது எழுந்து இன்னொரு நிழலுக்குப் போகும். அந்த நாய்கள் என்னைக் கடித்ததில்லை. கடித்த இரண்டும் பகலெல்லாம் சங்கிலியில் கிடந்தவை. கொக்கி நழுவிய நாளில் நான் போயிருக்கிறேன், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ரிஜிஸ்டர் தபால்களில் 'டோர் லாக்டு' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவருவது கூடிக்கொண்டே போனது. திண்ணை போய் கிரில் வந்தது. பாட்டி ஊரோடு நின்றுவிட்டாள். நாய் மட்டும் குடும்பத்தோடு நகரத்துக்கு வந்து மூன்றாவது மாடி ஏறியது. பாட்டி பார்த்த வேலையை யார் பார்ப்பது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

சட்டம் கேட்டிருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11: வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் தராமல் விடுவதும் வதைதான். முதல் முறைக்கு அந்தச் சட்டம் குறித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. ஸ்வீடனில் பகல் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று வந்தால் எதிர்ப்பார்கள். வர வேண்டும் என்பது என் கட்சி.

மாரிக்கு டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. கேமராப் பதிவைப் பார்த்தார். கதவு சாத்திய முதல் அரை மணியில்தான் மொத்தக் கூத்தும் நடந்திருந்தது. லேப்டாப் பையின் ஜிப் சத்தத்துக்கே அதற்கு மூச்சு வாங்குகிறது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிப்பை இழுத்துவிட்டு எங்கேயும் போகாமல் உட்காரச் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் வெளியே நில், திரும்பி வா. அடுத்து ஐந்து நிமிடம். ஆபீஸ் நாட்களில் காலை ஐந்தரைக்கு எழுந்து முக்கால் மணி நடை. தீனியைத் தட்டில் கொட்டாமல் ஹால் முழுக்க இறைத்துவிட வேண்டும், மூக்கால் தேடித் தின்னட்டும். நாய்க்கு அது அரை மணி வேலை. நடுவில் ஒன்றரை மணிக்கு நான். மூன்று மாதம் ஆயிற்று. இப்போது நான் திறக்கும்போது பாதி நாள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாய் எப்படியும் நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும். தூங்கவிடாமல் செய்வது பயம்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கட்டுமா என்று அந்த வீட்டுத் தம்பி கேட்டான். அது தேடுவது மனுஷனை, இன்னொரு நாயை வைத்து ஏமாற்ற முடியாது என்றேன். ஊளை இரட்டையாகியிருக்கும்.

இனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005ல் அஞ்சல் துறை நாலு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம் ராஜபாளையமும் ஒன்று. எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்காக 900 சதுர அடியில் அதைப் பூட்டி வைக்கலாமா? சிப்பிப்பாறை முயலைத் துரத்த உண்டானது. அதற்கு ஓடக் காடு வேண்டும். பக்கத்து பிளாக்கில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. பனியில் வண்டி இழுக்கிற சாதி. சித்திரை வெயிலில் அதை பால்கனியில் விட்டு ஆபீஸ் போய்விட்டார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வாட்ச்மேன் கீழே நின்று பார்த்து அசோசியேஷனில் சொல்லி, போன் போட்டு, ஒருத்தர் வந்து திறப்பதற்குள் அது படுத்துவிட்டது. பிழைத்தது. அந்த வீட்டுக்கும் இன்னொரு சாவி கிடையாது.

வேலைக்குப் போகிற வீட்டுக்கு என்னைக் கேட்டால், நாலைந்து வயதான, ஓடி அலுத்த தெரு நாயைச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. குட்டி வேண்டும் என்பார்கள். போட்டோவுக்கு அதுதான் அழகு.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் என் அக்கா பேத்திக்குக் கல்யாணம். நாலு நாள் நான் இருக்க மாட்டேன். போன தடவை ஒரு போர்டிங்கில் விட்டார்கள். காதுக்குள் உண்ணியோடு திரும்பியது. அதனால் கீழே இஸ்திரி போடும் அம்மாவிடம் பேசியிருக்கிறோம். நாள் ஒன்றுக்கு 150 ரூபாய். அவருக்கு நாய் என்றால் நடுக்கம். முந்தாநாள் கதவுக்கு வெளியே நின்று பிஸ்கட் போட்டார். நேற்று உள்ளே ஓர் அடி வைத்தார். மாரி அவர் புடவையை முகர்ந்து, சூட்டுக் கரி வாசனைக்கு ஒரு தும்மல் போட்டது. அவர் அலறியடித்துக்கொண்டு படியில் நாலு படி இறங்கிவிட்டார். நாளைக்கு ஒன்றரை மணிக்குச் சாவியை அவர் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லப் போகிறேன். நான் பின்னால் நிற்பேன்.