பிளேட்டின் மேல் விழும் பழி

முதல் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது பழைய வண்டி உதறினால், தெருமுனையில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: ‘கிளட்ச் பிளேட் போச்சு.’ ஓட்டுபவரும் அதையே சொல்லிக்கொண்டு வருகிறார், மெக்கானிக்கும் அதையே வழிமொழிகிறார். இந்த நம்பிக்கை கிளட்ச் வேலை செய்யும் விதத்துக்கே முரணானது. 1994இல் வந்து, கார்ப்பரேட்டரோடு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பிளெண்டர் பைக்கை எடுத்துக்கொள்வோம். அதன் கிளட்ச்சுக்குள் லைனிங் ஒட்டிய பிளேட்டுகளும் வெறும் இரும்பு பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை அழுத்திப் பிடித்திருக்கும். லைனிங் தேயத் தேய அடுக்கின் கனம் குறையும், ஸ்பிரிங்கின் அழுத்தமும் தளரும். ஆகவே தேய்ந்த பிளேட் வழுக்கும். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது, கருகிய வாடை அடிக்கும். உதறலோ வேறு சங்கதி. அங்கே பிடி ஒரு கணம் கிடைக்கிறது, மறுகணம் விடுகிறது, மீண்டும் கிடைக்கிறது. பிடி குறைந்துபோவதும் பிடி சீராக இல்லாமல் போவதும் ஒரே நோயல்ல. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

‘அப்படியானால் பிளேட் மாற்றியதும் வண்டி சரியாகிவிடுகிறதே, எப்படி?’ என்று கேட்பார்கள். இந்த நம்பிக்கையைக் காப்பாற்றி வருவதே அந்த அனுபவம்தான். பிளேட் மாற்றும் சாக்கில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். கவரைத் திறப்பதற்காகப் பழைய ஆயிலை வடிக்கிறார்கள், மூடியபின் புது ஆயில் ஊற்றுகிறார்கள். கிளட்ச் கேபிளைக் கழற்றி மாட்டி, லீவரில் இருக்க வேண்டிய தளர்வைப் புதிதாக வைக்கிறார்கள். கையோடு செயினையும் இழுத்து வைத்துவிடுகிறார்கள். இத்தனையும் ஒரே நாளில் நடக்க, பெயர் மட்டும் பிளேட்டுக்குப் போகிறது. இந்தக் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது. அதனால்தான் 1998இல் ஜப்பானின் ஜாசோ அமைப்பு மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று தனித் தரம் வகுத்து, இத்தகைய கிளட்ச்சுக்கு எம்ஏ என்றும், உராய்வு குறைந்த ஆயிலுக்கு எம்பி என்றும் பிரித்தது. காருக்கான ஆயிலை ஊற்றியதாலோ, ஆயில் கெட்டுப்போனதாலோ கோளாறு வந்திருந்தால் அது ஆயில் மாற்றத்திலேயே தீர்ந்திருக்கும். உள்ளே நார் பிரிந்த கேபிள் சிக்கிச் சிக்கி வந்ததுதான் காரணம் என்றால், பிளேட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

விந்தை என்னவென்றால், நோயைப் பிரித்தறியும் சொற்கள் நம் பேச்சிலேயே இருக்கின்றன. உதறுது, திணறுது, இடிக்குது, வெட்டுது என்ற நான்கையும் ‘ஜெர்க் அடிக்குது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். கிளட்ச் பாதி விட்ட நிலையில் மட்டும் உதறி, முழுதாக விட்டதும் நின்றுபோனால் கோளாறு கிளட்ச்சில் அல்லது அதன் கேபிளில். ஆக்சிலேட்டரைத் திருகும் அந்தத் தொடக்கத்தில் இன்ஜினின் குரலே அமுங்கித் திணறினால் கார்ப்பரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கலாம், அல்லது கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பு வெடித்துக் காற்று புகலாம். கிளம்பும்போது ‘டொக்’கென்று ஒருமுறை இடித்து, ஆக்சிலேட்டரை விட்டதும் இன்னொருமுறை இடித்தால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் டேம்பர் ரப்பரைப் பாருங்கள். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டினால், செத்துப்போன ரப்பர் லொடலொடவென்று ஆடிக் காட்டிவிடும். கிளட்சை முழுதாக விட்டபிறகும் நடைவேகத்தில் சீரான இடைவெளியில் வெட்டினால் செயின்தான் முதல் சந்தேகம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஓரிடத்தில் தொய்ந்தும் மற்றோரிடத்தில் விறைத்தும் செயின் தன் கதையைச் சொல்லும். பின்சொன்ன மூன்றில் எதற்கும் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டியதில்லை.

கோளாறு உண்மையிலேயே கிளட்ச்சுக்குள் இருக்கும்போதுகூடப் பல நேரம் குற்றவாளி பிளேட்டாக இருப்பதில்லை. பிளேட் அடுக்கைத் தாங்கும் வெளிக்கூடையில் விரல்கள் போன்ற தடுப்புகள் உண்டு. லைனிங் பிளேட்டின் காதுகள் அந்தத் தடுப்புகளுக்கு இடையில் முன்னும் பின்னும் வழுக்கி நகர வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு காதும் தான் மோதும் இடத்தில் அலுமினியத்தைக் கொத்திக் கொத்திப் பள்ளமாக்கிவிடுகிறது. கட்டைவிரல் நகத்தால் வருடினால் வரிசையாகப் படிகள் தட்டுப்படும். லீவரை விடும்போது பிளேட்டுகள் வழுக்கி வராமல் அந்தப் படிகளில் தங்கித் தங்கி வருகின்றன. ஓட்டுபவருக்கு அதுதான் உதறலாகத் தெரிகிறது. இந்தக் கூடைக்குள் புது பிளேட்டுகளைப் போட்டால், பழைய பள்ளங்கள் புதிய காதுகளுக்காகக் காத்திருக்கும். சில வாரங்களில் உதறல் திரும்பியதும் ‘கம்பெனி பிளேட் போடலை, டூப்ளிகேட்’ என்று அடுத்த பழி கிளம்பும்.

இருபது வருடம் வண்டி பார்த்த கை பொய் சொல்லுமா என்பது வலுவான மறுப்பு. அந்தக் கையின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை; அதற்குக் கிடைக்கும் கூலியில்தான் கோளாறு. போட்ட பாகத்துக்குப் பணம் தருகிறோம், அரைமணி நேரம் உட்கார்ந்து கோளாறைத் தேடியதற்குத் தருவதில்லை. ‘ஒண்ணும் மாத்தலைண்ணே, கேபிளுக்கு எண்ணெய் விட்டு டைட் வச்சேன், முந்நூறு ரூபா குடுங்க’ என்றால் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுப்போம்? அப்படியிருக்க அவர் பாகத்தைக் கைகாட்டுவது நாம் கற்றுக்கொடுத்த பாடம். பிளேட்டும் உதறலுக்குக் காரணமாகலாமே என்பது இன்னொரு மறுப்பு. ஆகலாம், சூடேறி லைனிங் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டாலோ, இரும்பு பிளேட் நெளிந்துவிட்டாலோ உதறும். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? லீவரில் தளர்வே இல்லாமல் கேபிளை இழுத்து வைத்ததிலிருந்தோ, சிக்னல்தோறும் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நின்றதிலிருந்தோ வந்திருக்கும். அதைத் திருத்தாமல் மாட்டும் புது பிளேட்டும் அதே வழியில்தான் போகும். பிளேட் மலிவுதானே, சந்தேகத்துக்கு மாற்றிவிடலாமே என்பவர்கள் கேஸ்கட், ஆயில், கூலி மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டுப் பேசட்டும்.

ஆகவே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். எந்த நொடியில், எப்படி என்று சொல்லுங்கள். கேபிள், செயின், ரப்பர், கார்ப்பரேட்டர் பார்த்து முடித்த பிறகு கிளட்சைத் திறக்கட்டும். திறந்தால், கழற்றிய பிளேட்டை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். புது பிளேட்டின் கனத்துக்கும் தூக்கிப்போட வேண்டிய கனத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விஷயமல்ல அது. அளவு சர்வீஸ் கையேட்டின் வரம்புக்குள் இருந்து, மேற்பரப்பும் நெளியாமல் பளபளக்காமல் இருந்தால் அந்தப் பிளேட்டைத் திரும்ப உள்ளே வைக்கட்டும். விரல் அடுத்ததாகக் கூடையின் பள்ளங்களைத் தடவிப் பார்க்கட்டும்.