செத்த முதலும் சாகாத வட்டியும்

காணி ஒரு முதலீடு. வீடும் ஒரு முதலீடு. இவ்விரண்டையும் சந்தைக்குக் கொண்டுவராது வைத்திருப்பவன் தன் செல்வத்தைத் தானே மண்ணில் புதைத்து வைத்திருக்கிறான். அண்மைக் காலத்தில் நம்மிடையே ஓயாது ஓதப்பட்டு வரும் மந்திரம் இது. நாளிதழ்களின் வர்த்தகப் பக்கங்கள் இதனை ஓதுகின்றன. நிதி ஆலோசகர் என்னும் புதுவகைப் புரோகிதர் இதனை ஓதுகின்றார். கொழும்பிலே ஓதப்பட்ட காலத்தில் நாம் பொருட்படுத்தவில்லை. இன்று உருத்திரபுரத்து வாய்க்கால் வரம்பிலே வந்து நின்று ஓதும்போது வாளாவிருத்தல் ஆசிரியராகிய நமக்குத் தகாது. இம்மந்திரத்துக்குப் பலியாகக்கூடிய காணி நம் மாணவருடைய பெற்றோரின் காணியாகும்.

இப்போதனைக்கு ஒரு மூலநூல் உண்டு. பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னான்டோ டி சோட்டோ 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மூலதனத்தின் மர்மம்' என்னும் நூலே அது. ஏழை நாட்டு மக்களிடம் வீடும் நிலமும் ஏராளமாக உண்டு. ஆயின் சட்டப்படியான உறுதி இல்லாமையால் அவற்றை ஈடு வைத்துக் கடன் பெற அவர்களால் முடிவதில்லை. ஆதலின் அவை செத்த முதல் என்பது அவர் வாதம். உறுதியைக் கையிற் கொடுத்துவிட்டால் செத்த முதல் உயிர்த்தெழுமாம், வறுமை ஒழியுமாம். உலகின் பெருஞ் செய்தித்தாள்களும் கடன் வழங்கும் நிறுவனங்களும் இக்கருத்தைத் தலைமேற்கொண்டு கூத்தாடியதில் வியப்பில்லை. வட்டிக்கு விடுபவனுக்கு இதனிலும் இனிய வேதம் வேறென்ன வேண்டும்?

உயர்தர வகுப்பிற் பொருளியல் பயிலும் நம் மாணவன், நிலம் ஓர் உற்பத்திக் காரணி, மூலதனம் வேறொரு காரணி என்று பிரித்து எழுதினாற்றான் புள்ளி பெறுவான். ஆலோசகருக்கோ இரண்டும் ஒன்றே. இரணைமடுவில் நீர் போதியதாயின் காலபோகமும் சிறுபோகமும் என இருமுறை விளைந்து ஒரு குடும்பத்தின் உலையை எரிய வைக்கும் வயல் அவர் கணக்கிற் செத்தது! அதே வயல் ஒரு வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் காகிதமாய்க் கிடக்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது!

இந்தக் காணி நமக்கு எவ்வாறு வந்தது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலிருந்து பிறந்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அடுத்த ஆண்டே, 1936இல், கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உழ நிலமின்றி, உழைப்புக்கு மதிப்பின்றி நின்றவர்கள் இக்காட்டை வெட்டிக் கழனியாக்கினர். அவர்களுக்குக் காணி அனுமதிப்பத்திரத்தின் பேரிற் கொடுக்கப்பட்டது. விற்க வேண்டுமாயின் அரசின் ஒப்புதல் வேண்டும். விரும்பியவரிடமெல்லாம் ஈடு வைத்தல் இயலாது. சாதாரணக் கடனுக்காக நீதிமன்றம் அதனைப் பறித்து ஏலமிடவும் வழியில்லை.

இக்கட்டுப்பாடுகளைக் குடியேற்றவாத அரசு மக்கள்மீது கொண்ட பேரன்பினால் விதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அவற்றின் பின்னே ஒரு பட்டறிவு இருந்தது. கமக்காரனுக்கு முற்றுரிமையோடு நிலம் கொடுத்தால், இரண்டு போகம் பொய்த்தவுடன் அது வட்டிக்கடைக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதே அப்பட்டறிவு. இன்று 'வளர்ச்சிக்குத் தடை' என இகழப்படும் இந்த வேலிதான், நம் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்களின் காணி கைமாறாமற் காத்து நின்றது.

வீட்டை ஈடு வைத்துக் கடன் பெறும் கலையில் உலகுக்கு வழிகாட்டியது அமெரிக்கா. அங்கே உறுதிக்குப் பஞ்சமில்லை. செத்த முதல் என்பதே கிடையாது. விளைந்தது யாது? திருப்பிச் செலுத்த வருவாயற்ற குடும்பங்களுக்கும் வீட்டுக்கடன் வாரி வழங்கப்பட்டது. அக்கடன்கள் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டுப் பத்திரங்களாக விற்கப்பட்டன. தரப்படுத்தும் நிறுவனங்கள் அம்மூட்டைகளுக்கு அதியுயர் தரம் வழங்கின. 2008 செப்டெம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது மூட்டை அவிழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து தெருவில் நின்றனர். அதே ஆண்டின் இறுதி மாதங்களிலேதான் உருத்திரபுரத்து மக்களும் வீடிழந்து கிழக்கு நோக்கி நடந்தனர். இங்கே எறிகணை செய்த வேலையை அங்கே ஈட்டுப்பத்திரம் ஓசையின்றிச் செய்து முடித்தது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. ஏ-9 வீதி திறந்தது. வன்னிக்கு முதலில் வந்து சேர்ந்தவற்றுள் வங்கிக் கிளைகளும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் அடங்கும். மக்கள் 'லீசிங்' என்று அழைப்பது இதனையே. கூரையற்ற வீட்டு வாசலிலே புத்தம்புது மோட்டார் சைக்கிள் நின்ற காட்சியை வன்னியில் அறியாதார் இல்லை. அதனைக் கண்டு, ஊதாரித்தனம் என்று நகைத்தோரும் நம்மவரே. பேருந்து வராத ஊரிலே, வைத்தியசாலைக்கும் வேலைக்கும் போகவேண்டியவன் எதில் ஏறிப் போவான் என்று அவர்கள் கேட்கவில்லை.

வீட்டுத்திட்டத்தையும் நோக்குவோம். இந்திய அரசின் நன்கொடையாக ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அது கடனன்று, அவ்வுதவியை நான் குறைத்துப் பேசேன். ஆயின் மணலும் சீமெந்தும் கூலியும் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழுந்தமையால் விலையேறின. அத்திவாரம் இட்டாற்றான் அடுத்த கட்டப் பணம். பணம் வந்தாற்றான் அத்திவாரம் என்னும் நிலை. இடைவெளியை நிரப்பியது எது? தாலிக்கொடி வங்கியில் அடைவுக்குப் போயிற்று. மிகுதிக்கு நுண்கடன் வந்தது. வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு. நம் தாய்மார் பலருக்கு அவ்விரு பொருளும் நேர்மாறாய் முடிந்தன.

நுண்கடனின் கொடுமையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தக் கிழமைத் தவணைக் கூட்டங்களில் அமர்ந்த தாய்மாரின் பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை சென்றதைச் சுட்டினார். அவ்வாண்டிலேயே அரசு வறட்சிக்குள்ளான 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்குவதாக அறிவிக்க நேர்ந்தது. 2021 மார்ச் 8ஆம் திகதி, ஹிங்குராக்கொடையிலே சிங்களக் கிராமத்துப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் நடத்தினர். கடன்காரன் இனம் பார்ப்பதில்லை. அவனுக்கு எதிராக நிற்பவர்தாம் இன்னும் இனம் பார்த்துப் பிரிந்து நிற்கின்றனர்.

நம் முன்னோர் காலத்தில் கடனே இருக்கவில்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை ஒற்றியைப் பற்றிப் பேசுகின்றது. வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவைக் கடன் கொடுத்தவன் அனுபவிப்பான். முதலைத் திருப்பியதும் நிலம் மீளும். நிலவுடைமையாளருக்கு வாய்த்த ஏற்பாடு அது. அதனைப் புகழ எனக்கு விருப்பமில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: மழை பொய்த்தால் ஒற்றி பிடித்தவனுக்கும் விளைவில்லை. இன்றைய வட்டிக்கு வறட்சியும் இல்லை, வெள்ளமும் இல்லை. வயல் பட்டாலும் அது மட்டும் முளைத்துக்கொண்டே இருக்கும்.

இனி, ஆலோசகர் போற்றும் அந்தச் சந்தை எளியவரின் சேமிப்பை எவ்வாறு பேணிற்று என்பதைக் காண்போம். 2022 ஏப்பிரல் 12இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. ஆண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைக் கடந்தது. கையிற் கோடி வைத்திருந்தவனுக்கு அது பொற்காலம். வியர்வை சிந்தாமலே கோடிக்கு முப்பது இலட்சம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. 2023 ஜூலை 1இல் பாராளுமன்றம் அதனை அங்கீகரித்தது. வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகளை அது தொடவில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியோ, ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியும் மாதந்தோறும் இட்ட 8 வீதத்தால் திரண்டது. அதன் முறிகள் 12 வீதத்துக்கும், 2026 முதல் 9 வீதத்துக்கும் வட்டி குறைக்கப்பட்ட முறிகளாக மாற்றப்பட்டன. மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும் என்ற அச்சுறுத்தல் வேறு. வர்த்தகப் பக்கங்கள் இதனைச் 'சந்தையின் நம்பிக்கை மீண்டது' என்று மகிழ்ந்து எழுதின. 2025இல் கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் முதன்முறையாக 20,000 புள்ளிகளைக் கடந்தபோதும் அதே மகிழ்ச்சி. அதே ஆண்டு பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபாய் என அரசு விலை அறிவித்தபோது, தமக்குக் கட்டுபடியாகாது என்று கமக்காரர் முறையிட்டனரே, அது எந்தப் பக்கத்தில் எத்தனை வரி பெற்றது?

இத்தகைய சந்தைக்குள்தான் நம் காணியையும் இறக்கச் சொல்கின்றனர். 2024 பெப்ரவரி 5இல் தம்புள்ளையிலே 'உறுமய' என்னும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இருபது இலட்சம் குடும்பங்களின் அனுமதிப்பத்திரங்களை முற்றுரிமை உறுதிகளாக மாற்றுவது அதன் நோக்கு. ஆட்சி பின்னர் மாறியது, அக்கருத்து மாயவில்லை.

உறுதி வேண்டும் என்று ஏங்கும் மக்களின் ஏக்கம் பொய்யானதன்று. பிரதேச செயலகத்தின் வாசலிலே ஆண்டுக்கணக்கில் அலைந்தவரிடம் அனுமதிப்பத்திரத்தின் பெருமையைப் பேசினால் சிரிப்பர். வாரிசை நியமியாது இறந்தவரின் காணி, 2022இற் சட்டம் திருத்தப்படும்வரை, பெண்மக்களைப் பின்தள்ளி ஆண்மக்களையே முன்னிறுத்தியது. போரிற் கணவனை இழந்த பெண் மறுமணம் செய்தால் காணியில் அவளுக்கிருந்த உரிமையும் போயிற்று. இதனிலும் பெரிய அநீதி ஒன்றுண்டு. 1958இலும் 1977இலும் வன்செயலால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, பிறர் வயலிற் கூலிகளாய் உழைத்த குடும்பங்கள் பலவற்றுக்கு அனுமதிப்பத்திரங்கூட எட்டவில்லை. அவர்களுக்கு உரிமை கேட்பதே நம் முதற் கடமை. ஆயின் பாதுகாப்பான உரிமை ஒன்று. ஈடு வைக்கத்தக்க உரிமை வேறொன்று. இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் சூழ்ச்சியை நாம் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஈடு வைக்கத்தக்க உரிமையின் மறுமுனையில் இருப்பது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். மக்கள் அதனைப் 'பராட்டே' என்பர். இதன்படி ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றப் படியேறாது, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தாலேயே ஏலமிடலாம். 2024இல் தொழில் முயற்சியாளர் பலர் இச்சட்டத்தால் நசுங்கியபோது எழுந்த கூக்குரலைக் கேட்டுப் பாராளுமன்றம் அதன் செயற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீட்டிக்கவும் பட்டது. ஒரே ஆண்டிலே, தொழிற்சாலைக்காரரைப் பராட்டேயிலிருந்து காத்த கையே கமக்காரனை அதன் வாயிலுக்கு அழைத்துச் செல்லும் உறுதியையும் நீட்டியது! தொழிற்சாலைக்காரருக்குக் குரல் கொடுக்கச் சங்கங்கள் இருந்தன. பத்தாம் வாய்க்காற் கமக்காரனுக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

கமக்காரனுக்குக் கடனே வேண்டாம் என்பதன்று நம் வாதம். விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் போகத்தின் தொடக்கத்திற் பணம் வேண்டும். அது கூட்டுறவுச் சங்கத்தின் வழியே, விளைவையே பிணையாகக் கொண்டு, போகம் பொய்த்தால் தள்ளிப்போடத்தக்க கடனாக வரவேண்டும். நெல்லின் விலை அறுவடைக்குப் பின்னரன்றி விதைப்புக்கு முன்னர் அறிவிக்கப்பட வேண்டும். காணியின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். தனியார் கடன் நிறுவனம் அதனை ஈடாகக் கொள்ளலாகாது என்னும் தடை அதிலேயே பொறிக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்பதற்குமுன் ஒரு சிறு வேலை உண்டு. உறுதியிலும் கடன் ஒப்பந்தத்திலும் சிற்றெழுத்தில் உள்ள வாசகங்களைக் கையொப்பமிடுவோர் பெரும்பாலும் படிப்பதில்லை, படித்தாலும் விளங்குவதில்லை. நமக்குத் தமிழும் தெரியும், ஒப்பந்த வாசகத்தை அவிழ்த்துக் காட்டவும் தெரியும். சனசமூக நிலையங்களின் ஞாயிறு மாலைகளிலே அவற்றை உரக்க வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லும் வேலையை அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னரே நாம் தொடங்கலாம்.