மைக்கை எறியுமுன் திறந்து பாருங்கள்!



எங்கள் புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர்களுக்கு அந்தப் பெயர். எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். 1954இல் முடிந்த இந்தோசீனப் போரைப் பற்றிப் பிரெஞ்சுச் சொற்கள் கலந்த பழைய புதுவைத் தமிழில், மெல்லிய குரலில் மணிக்கணக்காகச் சொல்வார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைப் பதிவு செய்ய ஆசைப்பட்டான். மலிவாகக் கிடைத்த கண்டன்சர் மைக் ஒன்றை அவர் முன் வைத்து, இரண்டு மணி நேரம் பதிவு செய்தான். போட்டுக் கேட்டால், குரலுக்குப் பின்னால் 'உஸ்' என்று ஓயாத இரைச்சல்! வாக்கியங்களின் கடைசிச் சொற்கள் அதில் மூழ்கிவிட்டன. இன்னொரு முறை போகலாம் என்றிருந்தோம். அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார்.

மைக்கைக் குப்பையில் போடப் போனவனைத் தடுத்து, திருப்புளியை எடுத்து அதைத் திறந்தேன். வெளியே பார்த்தால் வானொலி நிலையத்து மைக்கைப் போன்ற கம்பீரம். கைமுட்டி அளவுக்குக் கம்பி வலைக்கூடு. உள்ளே இருந்ததோ சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு கேப்சூல்! மின்பொருள் கடையில் 'கண்டன்சர் மைக்' என்று கேட்டால், பத்து இருபது ரூபாய்க்கு எடுத்துக் கொடுப்பார்களே, அதே வகைதான்.

அந்தப் பொத்தானை ஏளனம் செய்ய வேண்டாம். அதற்குள் அருமையான இயற்பியல் இருக்கிறது. மின்தேக்கியில் இரு தகடுகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். இங்கே ஒரு தகடு, ஒலி பட்டால் அதிரும் மெல்லிய ஏடு. அது அதிரும்போது இடைவெளி மாறுகிறது, மின்தேக்குத்திறன் மாறுகிறது, மின்னூட்டம் மாறாததால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. ஆதியில், 1916இல் வென்டே என்பவர் செய்த கண்டன்சர் மைக்கில் இந்த மின்னூட்டத்தைத் தர வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர், மின்னூட்டத்தைப் பல ஆண்டுகள் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஏட்டைக் கொண்டு மைக் செய்தார்கள். இதுவே எலெக்ட்ரெட் மைக். கேப்சூலுக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டருக்குத்தான் இதில் மின்சாரம் வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அந்த டிரான்சிஸ்டரிலிருந்துதான். ஏட்டிலிருந்து வரும் சைகை வலுவாக இருந்தால் இரைச்சல் அடங்கிப்போகும்; நலிவாக இருந்தால் மேலே வந்துவிடும். 10 மில்லிமீட்டர் கேப்சூலுக்குப் பதில் 25 மில்லிமீட்டர் கேப்சூல் வைத்தால் ஏட்டின் பரப்பு ஏறக்குறைய 6 மடங்காகிறது. ஆனால் அளவு மட்டுமே எல்லாம் அன்று. 10 மில்லிமீட்டரிலேயே மிக அமைதியான கேப்சூல்கள் இருக்கின்றன. ஆகவே விளம்பரத்தையும் தங்க முலாமையும் பாராமல், விவரத்தாளில் உள்ள சைகை-இரைச்சல் விகிதத்தைப் பாருங்கள். அதை 94இலிருந்து கழியுங்கள். விகிதம் 58 டெசிபெல் என்றால் மைக்கின் சொந்த இரைச்சல் 36. விகிதம் 80 என்றால் 14 மட்டுமே. நள்ளிரவில் அமைதியான அறையின் ஒலியளவே சுமார் 30 டெசிபெல். முதல் மைக், அந்த அமைதியையே மூடிவிடும்! தாத்தாவின் தணிந்த குரல் எம்மாத்திரம்?

நல்ல கேப்சூலின் விலை சில நூறு ரூபாய். நான் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்ற ஒரு நாளில் வாங்கி வந்தேன். மாற்றும் வேலை அரைமணி நேரம். இதை ஏன் பள்ளி ஆய்வகத்தில் செய்யக்கூடாது? மின்தேக்கிக் கணக்குகளை மனப்பாடம் செய்யும் மாணவர் அதைக் கையால் தொட்டதே இல்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

"கைப்பேசி இருக்க இதெல்லாம் எதற்கு?" என்றார் உடன் பணியாற்றும் நண்பர். நியாயமான கேள்விதான், மோசமான கண்டன்சர் மைக்கைவிடக் கைப்பேசி மேல். ஆனால் பல கைப்பேசிகள் இரைச்சலை நீக்குவதாக எண்ணி, மெல்லிய சொல்முடிவுகளையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. வட்டார வழக்கைப் பதிவு செய்கிறவருக்கு அந்த முடிவுகளே முக்கியம்.

இரைச்சல் எல்லாமே கேப்சூலின் குற்றமன்று என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் வேறொரு நல்ல மைக்கை இரவல் வாங்கி அதே கணினியில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் பணத்தை வீணாக்காதீர்கள், கோளாறு கணினியில். மாற்றும்போது மின்னிணைப்பை எடுத்துவிடுங்கள். கேப்சூலின் உலோகக் கூட்டோடு சேர்ந்த முனையே எதிர்முனை. பற்றவைக்கும் கோலை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். சூட்டில் ஏட்டின் மின்னூட்டம் போய்விடும். ஒரு திசை ஒலியை மட்டும் வாங்கும் கேப்சூலுக்குப் பின்புறம் துளைகள் இருக்கும். எங்கள் மாணவன் அவற்றைப் பசையால் அடைத்துவிட்டான்! பின்பக்க ஒலி உள்ளே போக வழியில்லாமல், மைக் எல்லாத் திசையையும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கியது. பசையைச் சுரண்டி எடுக்க ஒரு மாலை ஆயிற்று.

இப்போது அவன் வீராம்பட்டினத்தில் இருக்கும் தன் பாட்டியைப் பதிவு செய்துகொண்டிருக்கிறான். பழைய 'உஸ்' இல்லை. ஆனால் மின்விசிறியின் சத்தமும், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும் துல்லியமாகக் கேட்கின்றன. மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் பாட்டி கோபித்துக்கொள்கிறாராம்.