தட்டா, செல்போனா?

இசைத்தட்டில் கேட்பதுதான் சங்கீதம், செல்போனில் வருவது வெறும் சத்தம் என்று என் வயதுக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

ஒலியை மட்டும் பார்த்தால் டிஜிட்டல்தான் சுத்தம். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த நாங்கள் எல்.பி. தட்டை 'மிக்ரோசியோன்' என்போம். நுண்ணிய உழவுச்சால் என்று அர்த்தம். அந்தச் சாலில் முள் ஏர்போல ஓடுகிறது. ஓடும்போதெல்லாம் கொஞ்சம் தேய்க்கிறது. தூசி இருந்தால் பொரிகிறது. தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 90 சென்டிமீட்டர் சால் கிடைக்கும். நடுப்பக்கம் வர வர அது பாதிக்கும் கீழே போய்விடும். சுழலும் வேகமோ நிமிஷத்துக்கு அதே 33⅓ சுற்றுதான். அதனால் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரக்கும்.

1982-ல் வந்த சி.டி.யில் இந்தத் தொல்லை இல்லை. நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறார்கள். ஆபீசில் கார்பன் காப்பி எடுத்தவர்களுக்குத் தெரியும், நாலாவது தாளில் எழுத்து மங்கிவிடும். எண்ணாக எழுதியதை நூறு காப்பி எடுத்தாலும் நூறும் அசல்.

போதாததற்கு, எழுபதுக்கு மேல் நம் காதுக்கு மிக மெல்லிய கீச்சொலிகள் எட்டுவதே இல்லை. எது உசத்தி என்று சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? பேரப்பிள்ளைகள் ஆசையாய் வாங்கும் புதுத் தட்டுகளில் பலவும் டிஜிட்டலில் பதிவுசெய்து பிறகு தட்டில் ஏற்றியவைதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் தட்டுதான் ஜெயித்தது. ஒரு பக்கம் 20 நிமிஷம் சொச்சம். முடிந்ததும் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அதனால் போட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். செல்போனில் பாட்டுக்கு முடிவே இல்லை. காலையில் எம்.எஸ். ஆரம்பித்தால், மத்தியானம் யார் பாடுகிறார் என்று நமக்கே தெரிவதில்லை. பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் இரண்டே பேர். சில வீடுகளில் ஒருவர். நிசப்தத்துக்குப் பயந்து போட்டுவிடுகிறோம். அது கேட்பதில் சேராது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவது மாதிரிதான்.

என் யோசனை இதுதான். கருவி செல்போனாகவே இருக்கட்டும், கூடவே ஒரு நல்ல ஸ்பீக்கர். முறை மட்டும் தட்டினுடையதாக இருக்கட்டும். நாளைக்கு ஒரு பக்கம், அதாவது 20 நிமிஷம், ஒரே வித்வான், வேறு வேலை எதுவும் கூடாது. முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து போடுங்கள். முழங்காலுக்கும் நல்லது.